ரிலே எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்து, நன்றாக இருந்த பேட்டரியையும் தீர்த்துவிடுவோம். அதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பட்டன் வைத்த வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி அதே நிலைக்குக் கொண்டுவரலாம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கமிருந்து ‘உய்ங்’ என்று சன்னமான ஓசை இரண்டு நொடி கேட்டு நிற்கும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் ஓடுகிற ஓசை அது.

ஓசை கேட்கவில்லை என்றதும் ‘பம்ப் போச்சு’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று ஃப்யூஸ், இன்னொன்று ஃப்யூயல் பம்ப் ரிலே. தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது எங்கே இருக்கிறது என்று காரின் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தெரிந்துகொள்ளும்படி அதை வைத்துக் கொடுப்பது காரைச் செய்கிறவர்களின் கடமை. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குள் கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் சட்டமும் இருக்கின்றன.

இரண்டு நொடிக் கணக்கு

கிணற்று மேட்டில் மோட்டார் ரூம் பார்த்தவர்களுக்கு ரிலேயை விளக்க வேண்டியதே இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை விரல் நுனியால் தொடுகிறோம்; உள்ளே ‘டக்’கென்று ஒரு கான்டாக்ட் போய் ஒட்டுகிறது; ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது. மோட்டாருக்குப் போகிற கரண்ட் அந்தப் பொத்தான் வழியாகப் போவதில்லை. பொத்தான் ஒரு காந்தச் சுருளை மட்டும் எழுப்புகிறது. மீதியை அந்தக் காந்தம் பார்த்துக்கொள்கிறது. காரின் ரிலேயும் அதே சங்கதிதான், அளவுதான் சிறியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ரிலேயின் சுருளுக்கு எண்பது ஓம் அளவில் தடை இருக்கும். 12 வோல்ட்டை 80ஆல் வகுத்தால் 0.15 ஆம்பியர். பெட்ரோல் பம்ப் இழுப்பதோ ஐந்து, ஆறு ஆம்பியர். காரின் கம்ப்யூட்டரான ஈசியூவால் அவ்வளவு கரண்டை நேரடியாகத் தாங்க முடியாது. கால் ஆம்பியருக்கும் குறைவானதைத் தாராளமாகத் தாங்கும். அதனால் ஈசியூ சுருளை எழுப்புகிறது, சுருள் கான்டாக்ட்டை இழுக்கிறது, பேட்டரியிலிருந்து நேராகப் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது.

ரிலேயைத் தலைகீழாகத் திருப்பினால் பல வண்டிகளில் கால்களின் பக்கத்தில் எண்கள் தெரியும்: 30, 85, 86, 87. ஜெர்மானியத் தரமான டிஐஎன் 72552 கொடுத்த எண்கள் இவை. 30 என்பது பேட்டரியின் பாசிட்டிவ். 87 பம்ப்புக்குப் போவது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். மாணவர்களுக்கு நான் முதலில் மனப்பாடம் செய்யச் சொன்ன எண்கள் இவைதான். கோயம்புத்தூரில் கற்றவன் ஷார்ஜாவில் வேலைக்குப் போனாலும் இந்த எண்கள் மாறாது.

இனி அந்த இரண்டு நொடி. சாவியை ‘ஆன்’ செய்ததும் ஈசியூ பம்ப்பைச் சிறிது ஓடவிட்டுக் குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ கார்களில் அது சுமார் 3 பார். பிறகு எஞ்சின் சுற்றுகிறதா என்று கிராங்க் சென்சாரிடம் கேட்கிறது. சுற்றவில்லை என்றால் ரிலேயை விட்டுவிடுகிறது, பம்ப் நின்றுவிடும். ஏன் இந்த ஏற்பாடு? விபத்தில் கார் நொறுங்கி எஞ்சின் நின்றுபோகிறது, பெட்ரோல் குழாய் அறுந்திருக்கிறது, சாவி மட்டும் ‘ஆன்’னிலேயே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும். எஞ்சின் நின்ற மறுகணம் பம்ப்பையும் நிறுத்துகிற வேலை இந்த ரிலேயுடையது. உள்ளே இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

அதனால்தான் ரிலே கெட்டால் ‘டைரக்ட்’ கொடுத்து அனுப்பும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 30க்கும் 87க்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைச் செருகினால் பம்ப் ஓடும், வண்டியும் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் பரிசோதனைக்காக ஒரு நிமிடம் அப்படிச் செய்து பார்ப்பது வேறு. அதையே வைத்து வாடிக்கையாளரை வீட்டுக்கு அனுப்புவது, விபத்தில் பம்ப்பை நிறுத்தும் ஏற்பாட்டைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். மிச்சமாவது சில நூறு ரூபாய். காரில் என்ன செய்தார்கள் என்று சொந்தக்காரர் கேட்டால்தானே இது வெளியே வரும்? கேட்பதற்கு முதலில் ரிலே என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டும்.

தேடினால் கிடைக்கும்

எங்கே தேடுவது? பல கார்களில் பானெட்டைத் தூக்கியதும் பேட்டரிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு பெட்டி தெரியும். மூடியின் உட்புறத்தில் கட்டம் கட்டமாகப் படம் இருக்கும். ஹாரன், ஹெட்லைட், ஏசி, ஃபேன் என்ற வரிசையில் ‘எஃப் பம்ப்’ என்றோ ‘எஃப்பி’ என்றோ சுருக்கமாக ஒரு கட்டம். அங்கே இல்லாவிட்டால் டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு நேரே ஒரு பெட்டி இருக்கும். சில வண்டிகளில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். சிலவற்றில் டிக்கிப் பக்கம், பம்ப்புக்கு அருகே. பழைய ஃபோக்ஸ்வாகன் கார்களில் ரிலேயின் முதுகிலேயே எண் அச்சிட்டிருப்பார்கள். 167 என்று இருந்தால் ஃப்யூயல் பம்ப் ரிலே என்று அந்த வண்டிகளைப் பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

என் பழைய மாணவர் ஒருவரின் அக்கா பள்ளி ஆசிரியை. சென்னையிலிருந்து திருச்சிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பவில்லை. தம்பி எடுக்காததால் எனக்குப் போன் செய்தார்.

“சார், செல்ஃப் நல்லா அடிக்குது. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல.”

“சாவியை ஆன் பண்ணிட்டு நில்லுங்கம்மா. பின்னாடி சத்தம் வருதா?”

“ஒண்ணும் வரல சார்.”

பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். சாவியை அணைத்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னேன். மூடியின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவருடைய வண்டியில் பம்ப் ரிலேயும் ஏசி ரிலேயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டின் தலையிலும் ஒரே பார்ட் நம்பரா என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒன்றேதான். இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். மறுபடி சாவியை ‘ஆன்’ செய்ததும் அவர் சொல்வதற்கு முன்பே போனில் எனக்கு அந்த ‘உய்ங்’ கேட்டுவிட்டது. மே மாத வெயிலில் ஏசி இல்லாமல் திருச்சி போய்ச் சேர்ந்தார். அங்கே புது ரிலே வாங்கி அவரே மாட்டிக்கொண்டார். கட்டி இழுக்கும் வண்டி இல்லை, நெடுஞ்சாலையோரம் இருட்டும்வரை காத்திருக்கவில்லை.

அவர் மெக்கானிக் அல்ல. அவருக்குக் கை கொடுத்தவை மூன்று: பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, மூடியில் படம் இருந்தது, ரிலே பிடுங்கி மாட்டக்கூடியதாக இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் போனில் கத்திப் பயனில்லை.

எல்லாப் பழியும் ரிலே மேல் இல்லை

ரிலேயை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃப்யூஸ் போயிருக்கலாம். கிராங்க் சென்சார் செத்திருக்கலாம். இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாமல் தடுத்திருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பம்ப்பே கெட்டிருக்கலாம்: 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் பம்ப் கோளாறு இருக்கக்கூடும் என்று வேகன்ஆர், பலேனோ கார்கள் 1,34,885ஐத் திரும்ப அழைத்தது, 2021 ஏப்ரலில் ஹோண்டா இந்தியாவில் 77,954 கார்களை அதே காரணத்துக்காக அழைத்தது. ரிசர்விலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் பம்ப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்வதும் உண்டு. டேங்குக்குள் இருக்கும் பம்ப் மோட்டாரைக் குளிரவைப்பது அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான்.

ரிலே கெடுவதிலும் வகைகள் உண்டு. விரலை வைத்தால் ‘டக்’ தெரியும், ஆனால் உள்ளே கான்டாக்ட் கருகியிருப்பதால் கரண்ட் போகாது. ‘டக்’ வந்தாலே ரிலே நல்லது என்று நம்பி ஏமாறுவது இதனால்தான். வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னொரு வகை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டையும் கார்ப்பெட்டையும் காயவைத்து வண்டியை எடுத்துவிடலாம். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ரிலே பெட்டிக்குள் ஈரம் தங்கினால், பித்தளைக் கால்களில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்துத் தொல்லை தொடங்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, வெயிலில் மட்டும் கெடுகிற ரிலே. 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே ‘மெயின் ரிலே’ என்று ஒன்று இருந்தது; பம்ப்புக்கான கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். ஆண்டுகள் போகப் போக உள்ளே ஈயப் பற்றவைப்பில் வட்டமாக மயிரிழை விரிசல் விழும். வண்டியை வெயிலில் நிறுத்தினால் சூட்டில் விரிசல் விலகி, ஸ்டார்ட் ஆகாது. உள்ளே சூடு தணிந்ததும் ஒட்டிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைச் சாயங்காலம் கொண்டுபோனால் ‘ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது’ என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பெட்டியைப் பிரித்து, அந்த முனைகளில் புதிதாக ஈயம் வைத்துச் சரிசெய்துகொண்டார்கள். வியாதி எங்கே என்று வெளியே தெரிந்ததால் வைத்தியம் மலிவாக முடிந்தது.

பிடுங்க முடியாத ரிலே

வியாதி வெளியே தெரியாதபடி மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் பல மாடல்களில் ஃப்யூஸ், ரிலே, கட்டுப்பாட்டு மின்னணு எல்லாவற்றையும் சேர்த்து டிஐபிஎம் என்ற ஒரே பெட்டியாக்கியது. அதில் ஃப்யூயல் பம்ப் ரிலே பிடுங்கி மாட்டும் வகை அல்ல, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பரில், 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ கார்கள் சுமார் 1,89,000ஐ நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அந்த ரிலே கெட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், ஓட்டத்திலேயே நின்றும் போகலாம் என்பதுதான் காரணம். பின்னர் அது மேலும் சில மாடல்களுக்கும் நீண்டது. நிறுவனம் கண்ட தீர்வைக் கவனியுங்கள்: பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு ரிலேயைப் பொருத்திக் கொடுத்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

அதே 2014இல், ஆகஸ்ட் மாதம், நம் நாட்டின் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கொடுக்காமல் கட்டிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. தகவலைக் கொடுங்கள் என்று நிறுவனங்களைச் சட்டமே கட்டாயப்படுத்துவதற்கும், கொடுத்தால் நல்லது என்று இணையதளம் நடத்துவதற்கும் தூரம் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2007லேயே சட்டத்தில் எழுதிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்தே இதைப் பெற்றார்கள்.

மூன்று மறுப்புகள்

எதிர்த்துச் சொல்லப்படுவனவற்றையும் பார்த்துவிடலாம். முதலாவது, ‘புதிய கார்களில் ரிலேயே இல்லை, பம்ப்பின் வேகத்தையே மின்னணு மாட்யூல் கூட்டிக் குறைக்கிறது’ என்பது. உண்மைதான், அத்தகைய கார்கள் வந்துவிட்டன. எரிபொருள் சிக்கனத்துக்காக அப்படிச் செய்வதில் எனக்குக் குறையில்லை. அந்த மாட்யூல் எங்கே இருக்கிறது, எந்த ஃப்யூஸ் அதற்கு உரியது, கெட்டால் தனியாக வாங்க முடியுமா என்பதை மேனுவலில் எழுதுங்கள் என்கிறேன்.

இரண்டாவது, ‘தெரியாதவர்கள் கை வைத்தால் ஆபத்து’ என்பது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் 12 வோல்ட் யாரையும் தூக்கி அடிக்காது. பெட்ரோல் வாடை வந்தால் கிட்டே போகாதே, சாவியை அணைத்துவிட்டுப் பிடுங்கு, ஒரே பார்ட் நம்பர் இல்லாமல் இடம் மாற்றாதே, ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே தொடாதே. இந்த நான்கு வரியை மூடியிலேயே அச்சிட்டுவிடலாம். ஆபத்தைக் காட்டித் தகவலை மறைப்பதைவிட, ஆபத்தோடு சேர்த்துத் தகவலைக் கொடுப்பது மேல்.

மூன்றாவது, ‘திருடனுக்கு வழி காட்டுவதாகும்’ என்பது. கார் திருடுகிறவனுக்கு இந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பது நம்மைவிட நன்றாகவே தெரியும். வெளியூர் போகும்போது ரிலேயைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும். இடம் தெரிந்தால் சொந்தக்காரருக்கு அந்த வசதியும் உண்டு.

அம்பாசடர், பத்மினி காலத்து டிரைவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் ஓட்டத்தில் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. கோடையில் மலை ஏறும்போது பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொண்டால் ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றினார்கள். பம்ப்பில் இருந்த கைப்பிடியை அடித்துப் பெட்ரோலை ஏற்றினார்கள். அந்தக் கார்கள் இன்றைய கார்களைவிடச் சிறந்தவை என்று சொல்லமாட்டேன். புகையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தன. ஆனால் ஓட்டுகிறவருக்கும் வண்டிக்கும் நடுவே மூடி போட்ட இரகசியம் இருக்கவில்லை. எம்பிஎஃப்ஐ நமக்குச் சுத்தமான எஞ்சினைக் கொடுத்தது. அதற்கு விலையாக நம் அறியாமையைக் கொடுக்க வேண்டும் என்று எந்தப் பொறியியல் விதியும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ரிலே பெட்டியின் மூடியில் படம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் படம் வண்டி விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் இருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998லிருந்தும் ஒரகடத்தில் 2010லிருந்தும் கார்கள் செய்யப்படுகின்றன. நான் திறந்து பார்த்த எந்த மூடியிலும் ஒரு தமிழ் எழுத்தைக் கண்டதில்லை. பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டர் போன்ற, கெட்டால் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும் சுற்றுகளின் ரிலேக்கள் பிடுங்கி மாட்டும் வகையாக இருக்க வேண்டும். முடியாத இடத்தில் அந்த மாட்யூல் தனி உதிரிபாகமாக எல்லாக் கடைகளிலும் கிடைக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல்கள் எட்டுப் போடச் சொல்லிக் கொடுப்பதோடு, ஒருநாள் பானெட்டையும் திறந்து காட்ட வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். வாங்குகிற இடத்தில் நம் கையிலேயே ஒரு பலம் இருக்கிறது. ஷோரூமில் மைலேஜ் கேட்கிறோம், சன்ரூஃப் கேட்கிறோம், டச் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச் என்று கேட்கிறோம். அடுத்த முறை, ‘ஃப்யூயல் பம்ப் ரிலே எங்கே இருக்கிறது, கழற்ற முடியுமா, தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?’ என்றும் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் பிரிவிலிருந்து ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வந்து பானெட்டைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டும்வரை முன்பணம் கட்டாதீர்கள். மாதத்துக்குப் பத்துப் பேர் இப்படிக் கேட்டால் அந்தக் கேள்வி ஷோரூமிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். சன்ரூஃப் அப்படித்தான் சின்னக் கார்களுக்கும் வந்தது. அதைவிட ஒரு மூடியில் நான்கு வரி அச்சிடுவது மலிவு.